சீனாவின் உபரி குறைந்தது, சமநிலை வரவில்லை

அமெரிக்காவுக்குச் சீனாவுடன் எத்தனை கோடி டாலர் வர்த்தகப் பற்றாக்குறை என்ற ஒரே எண்ணை வைத்து பசிபிக்கின் இரு கரைகளையும் எடைபோடுவது வழக்கமாகிவிட்டது. அது ஏமாற்றும் எண். ஐபோன் 3ஜியின் தயாரிப்புச் செலவு 178.96 டாலர் என்று ஆசிய வளர்ச்சி வங்கி நிறுவனத்தின் 2010 ஆய்வு கணக்கிட்டது. அதில் சீனாவில் பூட்டி முடிப்பதற்கான செலவு 6.50 டாலர்தான்; மற்றதெல்லாம் பெரும்பாலும் ஜப்பான், ஜெர்மனி, தென்கொரியா, அமெரிக்கா போன்ற நாடுகளின் உதிரிபாகங்கள். ஆனால் சுங்கக் கணக்கில் முழுத்தொகையும் சீன ஏற்றுமதியாகவே பதிவானது.

பார்க்க வேண்டியது நடப்புக் கணக்கை, அதாவது ஒரு நாடு எல்லா வெளிநாடுகளுடனும் வைத்திருக்கும் சரக்கு, சேவை, வருமான வரவுசெலவின் மொத்தக் கணக்கை. நாட்டின் மொத்தச் சேமிப்பில் முதலீடு போக மிஞ்சுவதுதான் அங்கே உபரியாகத் தெரிகிறது. 2007இல் சீனா தன் ஜிடிபியில் ஏறத்தாழ 50 சதவீதத்தைச் சேமித்து, 40 சதவீதத்தை முதலீடு செய்தது. மீதி 10 சதவீதம் உபரி. அதற்கு முந்தைய ஆண்டு அமெரிக்காவின் பற்றாக்குறை அதன் ஜிடிபியில் 6 சதவீதத்தை ஒட்டி இருந்தது.

யுவான் வேகமாக ஏறிவிடாமல் இருக்க, உள்ளே வந்த டாலரைச் சீன மத்திய வங்கி வாங்கிக் குவித்து, பெரும்பகுதியை அமெரிக்க அரசின் கடன்பத்திரங்களில் போட்டது. அதற்காக வெளியே விட்ட யுவான் விலைவாசியை ஏற்றிவிடும் என்பதால், வங்கிகளின் கட்டாய இருப்பு விகிதத்தை (டெபாசிட்டில் மத்திய வங்கியிடம் ஒதுக்கி வைக்க வேண்டிய பங்கை) உயர்த்திப் பணத்தை உறிஞ்சியது. 2011 ஜூனில் பெரிய வங்கிகளுக்கு அது 21.5 சதவீதம். டெபாசிட் வட்டிக்கும் உச்சவரம்பு இருந்தது. இந்த ஏற்பாட்டின் செலவைச் சுமந்தவர்கள் வங்கியில் பணம் போட்டிருந்த சாதாரணக் குடும்பத்தினர். மலிவுக் கடன் அரசு நிறுவனங்களுக்குப் போனது. 2010இல் குடும்பங்களின் நுகர்வு ஜிடிபியில் சுமார் 35 சதவீதம்தான்.

2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் விழுந்ததும் அமெரிக்கக் குடும்பங்கள் செலவைக் குறைத்தன. 2009இல் சீன ஏற்றுமதி 16 சதவீதம் சரிந்தது. ஊர்விட்டு வந்து வேலை பார்த்தவர்களில் சுமார் 2 கோடிப் பேர் வேலையிழந்தார்கள். அதற்குள் பெய்ஜிங் 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டத்தை அறிவித்துவிட்டது. அதில் மத்திய அரசின் பங்கு 1.18 லட்சம் கோடி மட்டுமே. நேரடியாகக் கடன் வாங்க அனுமதி இல்லாத உள்ளாட்சிகள் தனி நிதி நிறுவனங்களைத் தொடங்கி, நிலத்தை அடமானம் வைத்து வங்கிகளிடம் வாங்கின. பணம் ரயில், சாலை, கட்டடம் என்று ஓடியது.

ஒரு நாட்டின் உபரியோ பற்றாக்குறையோ ஜிடிபியில் 4 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2010 அக்டோபரில் அமெரிக்க நிதியமைச்சர் டிமோதி கைத்னர் ஜி20 கூட்டத்தில் யோசனை வைத்தார். அடுத்த ஆண்டே சீன உபரி 2 சதவீதத்துக்கு அருகில் வந்தது. பலரும் இதைச் சமநிலை என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் சேமிப்பு 50ஐ ஒட்டியே நின்றது, முதலீடுதான் 48க்கு ஏறியது. மக்கள் கூடுதலாக வாங்கியதால் உபரி கரையவில்லை. கடன் வாங்கிக் கட்டியதால் கரைந்தது. கட்டுமானம் நின்றால் அதே உபரி திரும்பும். 2021க்குப் பிறகு வீட்டுமனைச் சந்தை சரிந்தபோது நடந்தது அதுதான்: 2024இல் சீனாவின் சரக்கு வர்த்தக உபரி கிட்டத்தட்ட 1 லட்சம் கோடி டாலர்.

நுகர்வைக் கூட்ட முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. கிராமத்தார் வாங்கும் ஃப்ரிட்ஜ், டிவிக்கு 13 சதவீத மானியம் 2009இல் நாடு முழுக்க வந்தது. ஆனால் ஃப்ரிட்ஜை ஒருமுறை வாங்கினால் பத்து வருஷம் போதும். நாளைய விற்பனை இன்றைக்கு நகர்கிறது, அவ்வளவே. அதே ஆண்டு தொடங்கிய கிராமப்புற ஓய்வூதியத்தின் அடிப்படைத் தொகை மாதம் 55 யுவான். அதை நம்பி எந்த முதியவர் சேமிப்பை நிறுத்துவார்? ஊர்விட்டு வந்த தொழிலாளிக்கு, நகரத்தின் பள்ளி, மருத்துவச் சலுகைகளைத் தரும் நகரக் குடியுரிமைப் பதிவு (ஹுகோவ்) இல்லை. பிள்ளையின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் கையிருப்புதான் துணை.

2018இல் தொடங்கிய அமெரிக்க வரிகளும் இந்தக் கணக்கைத் தொடவில்லை. சீனாவுடனான சரக்குப் பற்றாக்குறை 2018இல் 41,900 கோடி டாலர்; 2024இல் 30,000 கோடிக்குக் கீழே வந்தது. அமெரிக்காவின் மொத்தச் சரக்குப் பற்றாக்குறையோ 1 லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. வியட்நாம், மெக்சிகோ வழியாகச் சரக்கு வந்தது. அமெரிக்காவின் சேமிப்பு கூடவில்லை.

இனி பெய்ஜிங் எந்த ஊக்கத் திட்டம் அறிவித்தாலும் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, குடியுரிமைப் பதிவு ஆகியவற்றுக்கு எவ்வளவு என்று தேடுங்கள். பிறகு குடும்ப நுகர்வின் பங்கு எவ்வளவு என்று பாருங்கள்: அது இன்னும் ஜிடிபியில் 40 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது.