மலேசியாவில் முதியோர் இல்லத்தில் மருந்து மாறினால் குடும்பம் என்ன செய்யலாம்?

சர்க்கரை நோயே இல்லாத பாட்டிக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். விடிந்தபோது உடம்பு சில்லிட்டு வியர்த்துக் கிடக்கிறார். கூப்பிட்டால் பதில் இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு வழக்கறிஞரைத் தேடி ஓடாதீர்கள். முதலில் தாள்களைத் தேடுங்கள்.

மாத்திரை அட்டை, மருந்துப் பையில் 'டுவா காலி செஹாரி' (மலாயில், நாளுக்கு இரண்டு முறை) என்று ஒட்டியிருக்கும் சீட்டு, மருந்து கொடுத்ததும் இல்லத்தில் டிக் போடும் நோட்டு, எல்லாவற்றையும் தேதி தெரியப் படமெடுங்கள். ஒரு வாரத்து டிக்குகள் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்டவைபோல் இருந்தால் அந்தப் பக்கத்தை விடவே கூடாது. நோட்டைக் காட்ட மறுத்தால், 2012 நீதிமன்ற விதிகளின்படி வழக்குக்கு முன்பே ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு.

இறந்துவிட்டால்? நம்மவர்கள் மறுநாளே தகனம் செய்துவிடுகிறோம்; பெரிய சாட்சியம் அதோடு போய்விடுகிறது. இல்லத்திலேயே உயிர் பிரிந்தால் அடக்க அனுமதிக்குப் போலீஸ் நிலையம் போகத்தான் வேண்டும். அங்கேயே சந்தேகத்தைச் சொல்லிப் புகார் எழுதி, பிரேதப் பரிசோதனை கேளுங்கள். உறவினர் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

அடுத்து, சுவரில் மாட்டியிருக்கும் உரிமத்தைப் பாருங்கள். 1993 பராமரிப்பு மையச் சட்டத்தில் பதிவான இல்லம் என்றால் சமூக நலத்துறையிடம் முறையிட வேண்டும். 15999 என்ற எண்ணிலும் அழைக்கலாம். 1998 தனியார் சுகாதார வசதிகள் சட்டத்தின் உரிமம் பெற்ற நர்சிங் ஹோம் என்றால் சுகாதார அமைச்சு. முறையீடு இல்லத்தின் மேல் நடவடிக்கை கொண்டுவரலாம். இழப்பீடு வாங்கித் தராது. அதற்கு சிவில் வழக்குதான். பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரை விசாரித்தாலும், உடல் காயம், மரணம் தொடர்பான கோரிக்கைகளைத் தொடாது. 10 லட்சம் ரிங்கிட் வரையிலான வழக்குகளை செஷன்ஸ் நீதிமன்றம் கேட்கும்.

காலக்கெடுவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். உயிரோடு இருப்பவரின் காயத்துக்குப் பொதுவாக 6 ஆண்டு. மரணமென்றால், 1956 சிவில் சட்டத்தின் 7ஆம் பிரிவில் குடும்பத்தார் தொடுக்கும் வழக்குக்கு இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான். அரசு ஆஸ்பத்திரியின் தவறானால், உயிரோடு இருப்பவருக்கும் 36 மாதம்தான். வயதான பெற்றோரின் வருமானத்தை நம்பிப் பிள்ளைகள் வாழ்ந்ததில்லை என்றால் 7ஆம் பிரிவில் கிடைக்கும் தொகை சிறிதாகவே இருக்கும். இறக்கும்முன் அவர் பட்ட வேதனைக்கு 8ஆம் பிரிவில் அவரது சொத்தின் சார்பாகக் கோரலாம். அதற்கு, இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க அனுமதிக்கும் நிர்வாக அதிகாரப் பத்திரம் வேண்டும்.

வசதி குறைந்தவர்கள் 1971 சட்ட உதவிச் சட்டத்தின் கீழுள்ள சட்ட உதவித் துறையை அணுகலாம். வருமானத்தைப் பார்ப்பார்கள், உங்கள் வகை வழக்கை எடுப்பார்களா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் உண்டு. பினாங்குக்காரர்கள் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் முறையிடலாம்.

"ஜெயித்தால் எனக்குப் பாதி" என்று பேரம் பேசும் வழக்கறிஞரை விட்டு விலகுங்கள். 1976 வழக்கறிஞர் தொழில் சட்டம் அதைத் தடுக்கிறது. கட்டணம் எவ்வளவு, நிபுணர் அறிக்கைக்குத் தனியாக எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுங்கள்.