சாகாத மீனின் ரத்தத்தில் ஒரு புள்ளி

"மீன் ஒண்ணும் சாவல்லியே சாரே, பொறவு என்ன?"

சுசீந்திரம் பக்கத்தில் வயல் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி என்னிடம் கேட்டது இது. மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல்லுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, தெளிப்பானை ஓடையில் இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். பத்தடி தள்ளி நான் ஆய்வுக்காகக் கொரவை மீன் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நியாயமான கேள்விதான். மீன் செத்து மிதந்தால் ஊரே கூடும். எனக்கு வேலை சாகாத மீனிடம்தான்: மருந்து அதன் மரபணுவை உடைக்கிறதா என்று பார்ப்பது.

வாலடியில் ஊசி போட்டு ஒரு சொட்டு ரத்தம் எடுப்போம். கண்ணாடித் தகட்டில் மெல்லிசாக இழுத்து, மெத்தனாலில் முக்கி, ஜீம்சா சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைப்போம். நம்முடைய சிவப்பணுவில் உட்கரு கிடையாது, மீனுக்கு உண்டு. முட்டை வடிவச் செல், நடுவில் ஊதா நிற உட்கரு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனால், ஏதோ ஒரு செல்லில் உட்கருவுக்குப் பக்கத்தில் கடுகுபோல ஒரு புள்ளி தனியாக நிற்கும். அதை நுண்கரு என்போம். செல் பிரியும்போது உடைந்த குரோமோசோம் துண்டோ, பின்தங்கிய முழுக் குரோமோசோமோ உட்கருவில் சேராமல் வெளியே மாட்டிக்கொண்டது அது. சுத்தமான தண்ணீரில் வளர்ந்த மீனிலும் ஆயிரக்கணக்கில் எண்ணினால் அபூர்வமாகத் தென்படும். குளோர்பைரிபாஸ், சைபர்மெத்ரின் போன்ற பூச்சிமருந்து கலந்த தொட்டியில், மீன் சாகிற அளவுக்கு வெகு கீழே வைத்தாலும், நுண்கரு எண்ணிக்கை ஏறிவிடுகிறது. மருந்து உடலுக்குள் கிளப்பிவிடும், கண்டதையும் தாக்கும் வினைமிகு ஆக்சிஜன் டிஎன்ஏ இழையை அறுப்பது ஒரு முக்கியக் காரணம்.

ஓடை மீனில் இதைக் கண்டதும் விவசாயியைக் கைகாட்டிவிட முடியாது. இந்தப் பக்கம் ஓடும் பழையாற்றில் நாகர்கோவில் சாக்கடையும் சேருகிறது. உலோகக் கழிவும் இதே புள்ளியை உண்டாக்கும்.

"அந்த மீனைத் தின்னா நம்ம மரபணுவும் கெடுமா?" என்று பலரும் கேட்கிறார்கள். கெடாது, மீனின் டிஎன்ஏ வயிற்றில் செரித்துவிடும். சதையில் மருந்து எச்சம் தங்குவது வேறு விஷயம். என் பயம் குஞ்சுகளை நினைத்து. ரத்தச் செல் பழசு போய்ப் புதுசு வரும், மருந்து நின்றால் நுண்கருவும் குறையும். முட்டையிலோ விந்திலோ விழுந்த உடைசல் சரியாகாவிட்டால், அது அடுத்த தலைமுறைக்கும் போகலாம்.

மருந்து டப்பாவில் இருக்கும் முக்கோணத்தை நம்பி ஏமாறாதீர்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்பதெல்லாம் எலி போன்ற பாலூட்டிகளுக்கு எவ்வளவு விஷம் என்று பார்த்துப் போட்டது. மீனுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சைபர்மெத்ரினை நம் உடல் சீக்கிரம் சிதைத்துவிடும். மீனால் அப்படி முடியாது. ஒரு லிட்டர் தண்ணீரில் சில மைக்ரோகிராம் இருந்தாலே செத்துப்போகும்.

அண்ணாச்சியிடம் இரண்டே விஷயம்தான் சொன்னேன். தெளிப்பானை மூன்று தடவை அலசி, அந்தத் தண்ணீரை அடித்த வயலிலேயே தெளித்துவிடுங்கள். மருந்து அடித்தபின் சில நாள் வடிமடையைத் திறக்காதீர்கள். சரி என்றார். மாசி அறுப்புக்கு முன்னால் அதே ஓடையில் மறுபடியும் ரத்தம் எடுக்கப் போகிறேன்.