இன்சுலின் வைக்கக் குட்டி ஃப்ரிட்ஜ் வாங்குவதற்கு முன்

ஃப்ரிட்ஜ், ஏசி சர்வீஸ் செய்யும் என்னிடம் கோடை வந்தால் திரும்பத் திரும்ப வரும் புகார்: "ஆன்லைன்ல வாங்கின குட்டி ஃப்ரிட்ஜ் கூலே ஆகல சார்." பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. நாலு லிட்டர், ஆறு லிட்டர் பெட்டிகளில் பொதுவாகக் கம்ப்ரசரும் கிடையாது, கேஸும் கிடையாது. உள்ளே இருப்பது பெல்டியர் தகடு. அதன் சக்தியே அவ்வளவுதான்.

இந்தத் தகட்டில் பரவலாகக் கிடைக்கும் 12706 மாடல் 4 செ.மீ. சதுரத்தில் இருக்கும். இரண்டு பீங்கான் தகடுகளுக்கு நடுவே பிஸ்மத் டெல்லூரைடு என்னும் குறைகடத்தியின் பொடிப்பொடிக் கட்டைகள், 127 ஜோடி. டிசி மின்சாரம் கொடுத்தால் ஒரு பக்கத்து வெப்பம் மறுபக்கம் போய்ச் சேரும். வயரை மாற்றிக் கொடுத்தால் குளிர்ந்த பக்கம் சுடும். சில பெட்டிகளில் ஹாட், கோல்ட் சுவிட்ச் இருப்பது அதனால்தான். கடிகாரத் தொழிலை விட்டு அறிவியலுக்கு வந்த பிரான்சின் பெல்டியர் 1834இல் கண்டுசொன்ன விஷயம் இது. 1838இல் லென்ஸ் என்ற இயற்பியலாளர் இதே முறையில் ஒரு சொட்டுத் தண்ணீரை உறைய வைத்து, மின்சாரத்தைத் திருப்பி அதை உருக்கியும் காட்டினார்.

சிக்கல் எங்கே? பாயும் மின்சாரமே கட்டைகளைச் சூடாக்குகிறது. பெட்டிக்குள்ளிருந்து 20 வாட் வெப்பத்தை இழுக்க 50 வாட் செலவானால், பின்பக்க ஃபேன் 70 வாட்டை வெளியே தள்ளியாக வேண்டும். கரண்டைக் கூட்டினாலும் பயனில்லை. கரண்ட் இரட்டிப்பானால் இந்தச் சூடு நான்கு மடங்காகும். குளிர்ச்சி அந்த வேகத்தில் ஏறாது. 'மினி ஏசி' என்று விற்கும் பெல்டியர் பெட்டிகள் அந்தச் சூட்டை உங்கள் அறைக்குள்ளேயே கக்குகின்றன, அறை சூடாகத்தான் செய்யும்.

தகட்டின் விவரத்தாளில் 60 டிகிரிக்கு மேல் வித்தியாசம் போட்டிருப்பார்கள். அது இழுக்க வேண்டிய வெப்பமே இல்லாதபோது கிடைக்கும் கணக்கு. குட்டி ஃப்ரிட்ஜில் நடைமுறையில் வெளி வெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரிதான் குறையும். வெளியே 40 என்றால் உள்ளே 20க்கு மேல். திறக்காத இன்சுலினுக்குத் தேவை 2 முதல் 8 டிகிரி.

சரி, ஏசி அறையில் வைத்தால்? 24 டிகிரி அறையில் ஓரளவு தேறும். ஆனால் போதுமான குளிர் வந்ததும் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாத பெட்டியை 18 டிகிரி அறையில் விட்டால் பூஜ்யத்தை நெருங்கலாம். உறைந்த இன்சுலினைத் தூக்கிப்போட வேண்டியதுதான். வீட்டு ஃப்ரிட்ஜின் நடுத்தட்டு இதைவிட எவ்வளவோ மேல்.

வாங்கிவிட்டீர்கள் என்றால் உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். பெட்டி மேல் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டாதீர்கள், ஃபேன் தூசியைத் தட்டுங்கள். அப்புறம், கரண்ட் போனால் மெல்லிய தகடு வழியாகவே வெளிச்சூடு உள்ளே ஏறிவிடும்; சாதாரண ஃப்ரிட்ஜ் மாதிரி மணிக்கணக்கில் குளிர் நிற்காது. காரில் செருகுபவர்கள் இன்ஜினை நிறுத்தியதும் கழற்றிவிடுங்கள், பேட்டரி இறங்கிவிடும்.