அகவிலைப்படியைப் பஞ்சப்படி ஆக்காதீர்கள்

விலைவாசி ஏறுவதற்கு ஈடாகச் சம்பளத்தோடு சேர்த்துத் தரும் தொகையை, காரைக்குடிப் பக்கம் சில சம்பளச் சீட்டுகளில் இன்னும் 'பஞ்சப்படி' என்றே அடிக்கிறார்கள். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் கலவை ஊற்றிக்கொண்டிருந்தவர் என்னிடம் சொன்னார்: "பஞ்சந்தான் தீந்துபோச்சே, அப்புறம் எதுக்குப் படின்னு மொதலாளி கேக்குறாருண்ணே." அந்தச் சொல் செய்கிற கேடு இதுதான்.

சரியான சொல் அகவிலைப்படி. அஃகம் என்றால் தானியம். ஆத்திசூடியின் 'அஃகஞ் சுருக்கேல்' நினைவிருக்கும். தானியத்தின் விலை அகவிலை. படி, அன்றாடச் செலவுக்கு அளந்து தருவது.

பஞ்சப்படியும் பழைய சொல்தான். ஆலைத் தொழிலாளர்கள் போராடி வாங்கிய காலத்திலிருந்து தொழிற்சங்கக்காரர்கள் வாயில் புழங்குகிறது. அவர்கள் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் இந்தச் சொல்லை ஏற்க முடியவில்லை. பஞ்சம் என்றால் 1876–78 தாது வருசத்துப் பஞ்சம்போல மழை பொய்த்து, கஞ்சித்தொட்டி திறக்கிற காலம். அது வரும், போகும். அப்போது கொடுப்பது தருமம், நிறுத்தினால் கேட்க முடியாது. விலைவாசி அப்படியா? அரிசி, பருப்பு, எண்ணெய், துணி, வைத்தியச் செலவு, பஸ் கட்டணம் எல்லாம் சேர்ந்ததுதான் நுகர்வோர் விலைக் குறியீட்டெண். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலிக்கான அகவிலைப்படியை, சென்னை நகரக் குறியீட்டெண்ணின் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரியை வைத்து, ஏப்ரல் 1 முதல் மாற்றுகிறார்கள். தேவகோட்டைச் சந்தையில் தொழிலாளி போன வருசமே கூடுதலாகக் கொடுத்துத் தீர்த்த விலைக்கு இந்த வருசம்தான் ஈடு வருகிறது. வர வேண்டிய பாக்கிக்குப் பஞ்சம் என்று பேர் வைத்தால் வாங்குகிறவன் கை தாழ்ந்துபோகிறது. அரசாணைத் தமிழ் பல இடங்களில் படுத்தினாலும் இந்த ஒரு சொல்லை ஒழுங்காகப் பிடித்திருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்?

இதைவிடக் கோபம் வருவது செய்தி மொழிபெயர்ப்பாளர்கள் மேல். அகவிலைப்படி கூடினாலே 'குறைந்தபட்ச ஊதியம் உயர்வு' என்று தலைப்புப் போடுகிறார்கள். விலை ஏறிய அளவுக்குக் காசு ஏறினால் அதே அரிசிதான் வாங்கலாம், ஒரு பிடி கூடுதலாக வாராது. உயர்வு என்பது அடிப்படைக் கூலியைத் திருத்துவது. அதை ஐந்தாண்டுக்கு மிகாமல் மறுஆய்வு செய்யச் சொன்னது, 2025 வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், அடிப்படைக் கூலி அசையாமல் கிடப்பது யார் கண்ணிலும் படாது. ஏப்ரலில் 'அகவிலைப்படி கூடியது' என்று எழுதுங்கள். 'கூலி உயர்வு' என்ற தலைப்பை அடிப்படைக் கூலியைத் திருத்தும் அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.