மகள் அம்மாவை ‘ஆயி’ என்று கூப்பிட்டால்

சீனாவில் பாட்டியிடம் வளர்ந்து, அமெரிக்காவில் இருக்கும் பெற்றோரிடம் திரும்பி வந்தவர்களில், இந்த செப்டம்பரில் எங்களிடம் வந்த நாலாவது குழந்தை இது. பள்ளி திறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை.

வயது ஐந்தரை. நியூயார்க்கின் புரூக்ளினில், சன்செட் பார்க் பக்கம் இருக்கும் எங்கள் ஆலோசனை அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே வெயில் அடிக்கிறது, இவள் தடித்த குளிர் ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டிருக்கிறாள். அமெரிக்காவில் குளிரும் என்று பாட்டி வாங்கிக் கொடுத்ததாம். முதுகுப்பையையும் இறக்கவில்லை. கிளம்பும்போது மொழிபெயர்ப்பாளரிடம் மட்டும் கேட்டாள்: “பிளேன் எப்போ?”

பக்கத்திலேயே அம்மா. அவரை இவள் ‘ஆயி’ என்றுதான் கூப்பிடுகிறாள். சீனாவின் பொதுமொழியான மாண்டரினில் அதற்கு ஆன்ட்டி என்று பொருள். அம்மாவுக்கான சொல் ‘மாமா’. (தமிழ்க் காதுக்கு இரண்டுமே தலைகீழ். எனக்கு இது பழக ஒரு வருடம் பிடித்தது.)

சீனாவிலிருந்து வந்த குழந்தை என்று வகுப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறந்தது நியூயார்க்கில்தான். சீனப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை இந்த நாட்டுக் குடிமகன் என்று வோங் கிம் ஆர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1898இலேயே தீர்ப்பளித்துவிட்டது. நாலு மாதத்தில், புத்தம்புது அமெரிக்கப் பாஸ்போர்ட்டோடு, ஊருக்குப் போகிற தெரிந்தவர் ஒருவர் கையில் கொடுத்து அனுப்பினார்கள். ஃபூஜியன் மாநிலத்தில், ஃபூஜோவை ஒட்டிய சாங்லேயில் அப்பாவைப் பெற்ற பாட்டியிடம் வளர்ந்தாள். அங்கே அரசின் குடும்பப் பதிவேட்டில் பெயர் இல்லாத பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பது பெரும்பாடு. அதனால் பள்ளி வயது வந்ததும் திரும்ப வரவழைத்துவிட்டார்கள். இப்படிப் போய் வருகிற பிள்ளைகளை இங்கே சாட்டிலைட் பேபி என்கிறார்கள்.

‘பெற்ற பிள்ளையை அனுப்ப எப்படித்தான் மனசு வந்ததோ!’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1993 ஜூனில் ஆட்களைக் கள்ளத்தனமாக ஏற்றி வந்த கோல்டன் வென்ச்சர் என்ற கப்பல் நியூயார்க்கின் ராக்அவே கடற்கரையில் தரைதட்டியது. உள்ளே 286 பேர், பெரும்பாலும் ஃபூஜியன் ஆட்கள். கரைக்கு நீந்த முயன்றதில் 10 பேர் இறந்தார்கள். அந்தப் பயணத்துக்குத் தலைக்கு முப்பதாயிரம் டாலர் அளவுக்குக் கடன். அதே ஆண்டு வந்த பிரசவ விடுப்புச் சட்டம் 12 வாரம் தருகிறது, சம்பளமில்லாமல், அதுவும் குறைந்தது 50 பேர் வேலை செய்யும் இடங்களில். இந்த அம்மாக்கள் வேலை செய்யும் நகப்பூச்சுக் கடையில் ஐந்து பேர் இருந்தாலே அதிகம். நியூயார்க் மாநிலம் 2018 முதல் சம்பளத்தோடு விடுப்பு கொடுக்கிறது, ஆனால் கையில் ரொக்கமாகக் கூலி வாங்குகிறவர்களுக்கு அது பெரும்பாலும் எட்டுவதில்லை. அப்பாவின் கதை வேறு. மன்ஹாட்டன் பாலத்தடியில் ஈஸ்ட் பிராட்வே வேலைத் தரகர் கடைகளில் ஒட்டியிருக்கும் சீட்டுகளில் பல நேரம் ஊர்ப் பெயர்கூட இருக்காது, தொலைபேசி ஏரியா கோடுதான் இருக்கும். அதைப் பார்த்து பஸ் ஏறி, முன்பின் தெரியாத ஊரின் ஓட்டல் சமையலறையில் வாரம் ஆறு நாள். பிள்ளையை யார் பார்ப்பது? கல்நெஞ்சம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

அனுப்பியதற்காக யாரையும் நான் திட்டுவதில்லை. எனக்கு எரிச்சல் வருவது ஒரே ஒரு வாக்கியத்தில்தான்: “சின்னக் குழந்தைதானே, மறந்துவிடும்.” பெற்றோர் சொல்கிறார்கள், விமானத்தில் கொண்டுவந்து விட்டவர் சொல்கிறார், சில நேரம் மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

எதை மறக்கும்? அம்மாவையா? நாலு மாதத்தில் பிரிந்த அம்மாவை மறந்துதான் போயிற்று. அதனால்தான் ‘ஆயி’. பாட்டியை மறக்காது. அந்தக் குழந்தைக்குப் பாட்டிதான் அம்மா. நீங்கள் ‘அம்மாவிடம் திரும்பி வந்தாள்’ என்கிறீர்கள். அவள் கணக்கில், ஒருநாள் காலையில் அம்மாவிடமிருந்து பிடுங்கி, பதினைந்து மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்காரவைத்து, போனில் மட்டும் பார்த்த ஒரு ஆன்ட்டி வீட்டில் விட்டுவிட்டார்கள். ஊர், பேச்சு, கட்டில், பாத்ரூம் எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. பெரியவர்களுக்கு இப்படி நடந்தால் ஊரே துக்கம் விசாரிக்கும். குழந்தை அழாமல் இருந்தால் ‘பழகிவிட்டாள், சமத்து’ என்று சந்தோஷப்படுகிறோம். அழாத குழந்தையைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

நம்மவர்களிடம் இதைச் சொன்னால், “நாங்களும் பாட்டி வீட்டில் வளர்ந்தவர்கள்தான், என்ன கெட்டுப்போச்சு?” என்பார்கள். சரி, அம்மா எத்தனை மணி நேர பஸ் தூரத்தில் இருந்தார்? பொங்கலுக்கு வந்தாரா, இல்லையா? 2020 மார்ச்சில் சீனா எல்லையை மூடியது, 2023 ஜனவரியில்தான் திறந்தது. இரண்டு வயதில் கூட்டிவர நினைத்த பிள்ளைகள் ஐந்து வயதில் வந்தார்கள்.

பள்ளியில் நடப்பது இன்னொரு கூத்து. பேசாத பிள்ளை என்றதும் ஆட்டிசம் சோதனைக்கு எழுதிவிடுகிறார்கள். சோதிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த மொழியில் சோதிக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். படிவத்தில் ‘சைனீஸ்’ என்று டிக் அடித்தால் கான்டனீஸ் என்ற வேறொரு சீன மொழி பேசுபவர் வந்து நிற்கிறார். பாட்டி பேசியது ஃபூஜோ மொழி. குழந்தை விழித்ததில் வியப்பென்ன?

இதெல்லாம் முதல் வருடத் தொல்லை. பெரிய பாரம் பிறகுதான் வரும். சில வருடங்களுக்கு முன் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்தாள் (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்). ஆறு வயதில் திரும்பி வந்தவள். வந்தபோது வீட்டில் இரண்டு வயதுத் தம்பி இருந்தான், ஆங்கிலம் கலந்து பேசினான், அம்மா மடியில் உட்கார்ந்திருந்தான். அவனை எங்கும் அனுப்பவில்லை. “அவன் பையன், அதனால் வைத்துக்கொண்டார்கள்.” பதினாறு வருடமாக இந்தக் கணக்கோடுதான் வாழ்ந்திருக்கிறாள். வெளியில் சீனப் பெண், வீட்டில் ‘சீனாவிலிருந்து வந்தவள்’. எந்த ஊர் என்று யாராவது கேட்டால் வாயடைத்துப்போகும் என்றாள்.

அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த முறை ஒரு பழைய நோட்டோடு வந்தார். கடன் கணக்கு. மகள் பிறந்த வருடத்தில் பக்கம் நிறைய உறவினர் பெயர்கள், தொகைகள். தம்பி பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு கடைசிப் பெயரிலும் கோடு அடித்திருந்தது. கடன் தீர்ந்த பிறகு பிறந்தவன் என்பதால்தான் அவன் வீட்டில் இருந்தான். “இதை ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “அவளுக்குத் தெரியும் என்று நினைத்தேன்,” என்றார். ஃபூஜோ வழக்கப்படி, பயணம் முடிந்து வந்த மகளுக்கு முதல் நாள் இரண்டு வாத்து முட்டை போட்டு தைபிங் நூடுல்ஸ் செய்திருக்கிறார். குழந்தை துப்பிவிட்டது. அப்புறம் அதை அவர் செய்யவேயில்லை. பெண்ணுக்கு அது நினைவே இல்லை.

ஆகவே, அம்மாக்களே, சொல்லுங்கள். ஏன் அனுப்பினோம் என்று ஆறு வயதுக்குப் புரிகிற வார்த்தையில் சொல்லுங்கள், பத்து வயதில் மறுபடி சொல்லுங்கள். தனக்குத் தெரியாத இடத்தைக் குழந்தை தானாக நிரப்பிக்கொள்ளும், எப்போதும் தனக்கு எதிராகவே நிரப்பும்.

அனுப்பியே ஆக வேண்டுமென்றால், வீசாட் வீடியோ தினமும் ஒரே நேரத்தில் வேண்டும், நினைத்தபோது அல்ல. ‘மாமா கூப்பிடுகிறாள்’ என்று பாட்டி சொல்லிப் பழக்க வேண்டும். ஐந்து வயது வரை காத்திருக்காதீர்கள். நியூயார்க் நகரில் நாலு வயதுக்கு இலவச முழுநாள் வகுப்பு 2014இலிருந்து இருக்கிறது, மூன்று வயதுக்கு 2017இல் தொடங்கி விரிந்து வருகிறது. இது தெரியாத அம்மாக்கள் இன்னும் வருகிறார்கள், கேட்டால் வயிறு எரிகிறது. திரும்பக் கூட்டிவரும்போது தெரிந்தவர் கையில் பார்சல் மாதிரி வாங்காதீர்கள். முடிந்தால் நீங்களே போய் சில வாரம் அந்த வீட்டில் இருங்கள், முடியாவிட்டால் பாட்டியையாவது கூட வரவழையுங்கள்.

வந்தபின் பாட்டியின் வீடியோவை நிறுத்தாதீர்கள். ‘பார்த்தால் அழுகிறாள், அதனால் நிறுத்திவிட்டோம்’ என்கிறார்கள். அழட்டும். ‘மாமா’ என்று கூப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம், மிட்டாய் காட்டியும் வேண்டாம்.

ஜாக்கெட் சிறுமிக்கு அடுத்த சந்திப்பில் பாட்டியையும் வீடியோவில் சேர்க்கிறோம். இந்த முறை ஃபூஜோ மொழி பேசுபவர் கிடைத்துவிட்டார். காலை ஒன்பது மணி என்று நேரம் போட்டேன், அங்கே இரவு ஒன்பது. பாட்டி எட்டரைக்கே படுத்துவிடுவாள் என்று அவளே சொன்னாள், அம்மாவைப் பார்த்து. எட்டு மணிக்கு மாற்றியிருக்கிறோம்.