ரவுட்டரில் 'ரியல்-டைம் கர்னல்': கெடு வேறு, வேகம் வேறு

தைப்பூசக் காவடியைத் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலுள்ள உறவினர்களுக்கு நேரலையில் காட்டும்போது படம் திக்கித் திணறுவதாகவும், 'ரியல்-டைம் கர்னல்' கொண்ட ரவுட்டரை வாங்கினால் அது சரியாகிவிடும் என்று கடைக்காரர் உறுதி கூறுவதாகவும் மொரீசியஸின் ரோஸ் ஹில் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கடைக்காரர் சொல்லும் தொழில்நுட்பம் உண்மையானதுதான். ஆனால் அது தீர்க்கும் நோய் வேறு.

எந்த வேலைக்கு எப்போது செயலியை (பிராசசரை) தருவது என்று தீர்மானிப்பது, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல். சாதாரணக் கர்னல் சராசரி வேகத்தைப் பார்க்கிறது. நிகழ்நேர (ரியல்-டைம்) கர்னலோ, எவ்வளவு நெருக்கடியிலும் அவசர வேலை குறித்த கெடுவுக்குள் தொடங்கியாக வேண்டும் என்பதைப் பார்க்கிறது. அதற்காக மற்ற வேலைகளை அடிக்கடி இடைமறிப்பதால் மொத்த வேகம் பெரும்பாலும் சற்றுக் குறையவே செய்யும்.

இதில் என் மனம் கவர்ந்தது முன்னுரிமையைக் கடன் கொடுக்கும் உத்தி. பதிவேடு எழுதும் கீழ்நிலை வேலை ஒன்று நினைவகத்தின் ஒரு பகுதியைப் பூட்டி வைத்திருக்கிறது என்று கொள்வோம். அதே பகுதி தேவைப்படும் அவசர வேலை பூட்டுத் திறக்கும்வரை காத்திருக்கிறது, அது நியாயமே. அந்நேரம் பூட்டோடு தொடர்பே இல்லாத நடுத்தர வேலை ஒன்று வந்து, தன்னைவிடத் தாழ்ந்த பதிவேட்டு வேலையை ஒதுக்கிவிட்டுச் செயலியைப் பிடித்துக்கொண்டால், எல்லாவற்றிலும் உயர்ந்த வேலை கணக்கில்லாமல் காத்துக் கிடக்க நேரும். 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் திரும்பத் திரும்பத் தன்னை மறுதொடக்கம் செய்துகொண்டது இதனால்தான். காத்திருக்கும் வேலையின் முன்னுரிமையைப் பூட்டு வைத்திருக்கும் வேலைக்குத் தற்காலிகமாகக் கொடுத்துவிட்டால், நடுத்தர வேலையால் அதை ஒதுக்க முடியாது. பூட்டுத் திறந்த கணமே கடனும் திரும்பிவிடும். இதற்கு 1990இல் கணித அடிப்படை தந்த மூவரில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற ரகுநாதன் ராஜ்குமார். பாத்ஃபைண்டரிலும் இந்த வசதி இருந்தது. அணைத்து வைத்திருந்ததைப் பூமியிலிருந்து இயக்கியதும் கோளாறு நின்றது.

லினக்ஸ் இயங்குதளத்தின் நிகழ்நேரப் பகுதி, ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்புக்குப் பின், 2024 நவம்பரில் வெளியான 6.12 பதிப்பில்தான் முதன்மைக் கர்னலோடு இணைந்தது. தொழிற்சாலைகள் பலவும் பயன்படுத்திய இந்த வேலைக்கு 2015 வரை முறையான கூட்டு நிதி இல்லாதது, பயன்பெற்ற நிறுவனங்களுக்குப் பெருமை தரும் செய்தியன்று.

இனி ரவுட்டருக்கு வருவோம். பெரிய ரவுட்டர்களில் தரவுப் பொட்டலங்களைக் கடத்துபவை தனிச் சில்லுகள். கர்னலின் பொறுப்பிலுள்ளவை தரவு செல்லும் பாதையைத் தீர்மானிக்கும் நெறிமுறைகள்; அவற்றின் கெடு பெரும்பாலும் வினாடிகளில் இருக்கும். ஓடும் வேலையிடமிருந்து செயலியை இடையில் பறிக்காத, சிஸ்கோ ரவுட்டர்களின் இயங்குதளமான ஐஓஎஸ்தான் இணையத்தின் பெரும்பகுதியைப் பல்லாண்டுகள் சுமந்தது. வீட்டு ரவுட்டரில் நிகழ்நேரக் கர்னல் மிச்சப்படுத்தக்கூடியவை மைக்ரோ வினாடிகள். மெட்டிஸ் கடலடி வடத்தின் வழியே மொரீசியஸிலிருந்து தென்னாப்பிரிக்கா சேர ஒளிக்கே சுமார் 15 மில்லி வினாடி ஆகிறது. அதைவிடப் பெரிய தாமதம் ரவுட்டரில் பொட்டலங்கள் காத்திருக்கும் வரிசையில் ஒளிந்திருக்கிறது: வினாடிக்கு 10 மெகாபிட் பதிவேற்ற இணைப்பில் 1 மெகாபைட் தரவு தேங்கினால், அது கரைய 800 மில்லி வினாடி பிடிக்கும்.

ஆகவே பெட்டிமேல் அச்சிட்ட சொல்லைத் தாயத்துப்போல நம்ப வேண்டாம். வரிசை நீளாமல் காக்கும் 'எஸ்க்யூஎம்' வசதி இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதிவேற்ற வரம்பை உங்கள் இணைப்பின் உண்மை வேகத்துக்குச் சற்றுக் கீழே அமைத்துவிட்டு, நேரலையின்போது வீட்டிலுள்ள மற்றவர்களைக் கோப்புகள் அனுப்பச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.