நெட்டையாகும் நாற்றுக்கு உரம் எதற்கு?

ஆடி பிறந்தால் போதும், நாற்றுப் பண்ணை நடத்தும் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வரத் தொடங்கிவிடும். சன்னல் ஓரம் ஒரு குழித்தட்டு. அதில் வெளிறிய தண்டோடு தக்காளி நாற்றுகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தபடி. கீழே கேள்வி: "சார், நல்லா உயரமா வருது, ஆனா நிக்க மாட்டேங்குது. என்ன உரம் போடலாம்?"

எந்த உரமும் வேண்டாம். வெளிச்சம் போதாத நாற்று, கையிருப்பை எல்லாம் உயரத்தில் செலவழித்து, மேலே எங்காவது வெயில் கிடைக்குமா என்று தேடும். அந்த நேரத்தில் 19:19:19 எனும் தழை, மணி, சாம்பல் சத்து சம அளவில் உள்ள உரக் கரைசலோ பஞ்சகவ்யாவோ ஊற்றினால் தண்டு இன்னும் வேகமாக நீளும். கூடவே ஈரமும் தங்கி, தண்டின் அடி கறுத்து மடியும் நாற்றழுகல் வந்து சேரும்.

"எங்க வீட்டுல நல்ல வெளிச்சம் சார்" என்பார்கள். நம் கண்ணுக்கு அது நல்ல வெளிச்சம்தான். உச்சி வெயில் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் கணக்கில் ஏறக்குறைய ஒரு லட்சம் இருக்கும். சன்னலை விட்டு நாலைந்து அடி உள்ளே வந்தால் பல வீடுகளில் சில நூறுதான் மிஞ்சும். கண்மணி விரிந்து அதை ஈடுகட்டிவிடுகிறது, இலையால் அது முடியாது. கொசுவலை, மேல்மாடி பால்கனியின் நிழல், எதிர்வீட்டுச் சுவர் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் வெளிச்சத்தைக் குறைக்கும்.

பெரும்பாலான நாற்றுகள் கெடுவது முளைக்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான். பண்ணையில் விதைத்த குழித்தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலிதீன் தாளால் மூடி வைப்போம். நாலாம் நாள் வாக்கிலிருந்து தினமும் காலையும் மாலையும் தாளைத் தூக்கிப் பார்ப்பது ஒருவரின் வேலை. தட்டில் நிரப்பிய தென்னை நார்க்கழிவைப் பிளந்துகொண்டு முளையின் வெள்ளைக் கழுத்து வளைந்து தெரிய ஆரம்பித்ததும், மீதி விதைகளுக்காகக் காத்திருக்காமல், தட்டுகளைப் பிரித்து 50 சதவீத நிழல்வலைக்கு அடியில் பரப்பிவிடுவோம். ஒரு இரவு சும்மா விட்டாலும் கழுத்து நீண்டுவிடும். முளைத்ததும் முதலில் விரியும் விதையிலைக்குக் கீழே அப்படி நீண்டது அப்புறம் குறையாது. வீடுகளில் நடப்பது என்ன? "எல்லாம் முளைக்கட்டும்" என்று மூடி வைத்துவிட்டு, பிறகு தட்டைச் சன்னலுக்கு எடுத்துப்போகிறார்கள்.

சரி, நம் ஊரில் நாற்றை ஏன் வீட்டுக்குள் வைக்க வேண்டும்? புறா, அணில், அடைமழை. நியாயமான பயம்தான். ஆனால் கம்பிக்கூடையைக் கவிழ்த்தோ, நாலு குச்சி நட்டு வலையைக் கட்டியோ மொட்டைமாடியில் வைத்தாலே பாதிப் பிரச்சினை முடிந்தது. உள்ளேயே முளைத்துவிட்ட நாற்று என்றால் முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், பிறகு தினம் கொஞ்சம் கூட்டி, ஒரு வாரத்தில் முழுநாளும் வெளியே. எடுத்த எடுப்பில் மதிய வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் காய்ந்துவிடும்.

வெளியே இடமே இல்லாதவர்கள் சாதாரண வெள்ளை எல்இடி குழல் விளக்கே வாங்கலாம். செடிக்கென்றே விற்கும் ஊதா நிற விளக்குக்குக் காசைக் கொட்டத் தேவையில்லை. உத்தரத்தில் மாட்டினால் பயன் இல்லை. நாற்றின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, செடி வளர வளர ஏற்றுங்கள். நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும், மீதி நேரம் இருட்டு.

நெருக்கமும் இதே கோளாறைச் செய்யும். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கு அடுத்த தொலைசிவப்பு ஒளியைத் திருப்பி விடுகிறது. அந்த ஒளி மிகுந்தால் பக்கத்தில் போட்டி இருப்பதைச் செடி உணர்ந்து நீள்கிறது. குழிக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் நிற்க வேண்டியதன் வேரும் ஆடிவிடும்.

இனி, பலர் நம்ப மறுக்கும் ஒன்று. காற்றில் ஆடும் செடிக்குத்தான் தண்டு குட்டையாக, உறுதியாக வரும். 1973இல் மார்க் ஜாஃபே என்ற தாவரவியலாளர், வெள்ளரிக் குடும்பத்துக் கொடி ஒன்றின் தண்டைத் தேய்த்துவிட்டாலே அது நீள்வது குறைவதைக் காட்டினார். வீட்டில் மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு, இலைகள் லேசாக அசையும் தூரத்தில் தட்டை வையுங்கள். அல்லது காலையில் ஒரு நிமிடம் நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் வருடிக்கொடுங்கள். இலை ஈரமாக இருக்கும்போது மட்டும் வேண்டாம், நோய் பரவும். ஆனால் இதெல்லாம் வெளிச்சத்தோடு கூடுதலாகத்தான், வெளிச்சத்துக்குப் பதிலாக அல்ல.

ஏற்கெனவே நெட்டையாகிவிட்டதா? தக்காளியாக இருந்தால் கவலை வேண்டாம். விதையிலை வரை, இன்னும் நீளமாக இருந்தால் தண்டைச் சாய்வாகப் படுக்கவைத்து, மண்ணில் புதைத்துவிடலாம். புதைந்த தண்டிலிருந்தே வேர் இறங்கும். மிளகாய், கத்தரிக்கு இவ்வளவு சுலபமாக வேர் வராது. விதையிலைக்குச் சற்றுக் கீழ்வரை மண் அணைத்து, ஒரு சிறு குச்சியைத் துணைக்கு வைத்தால் தேறிவிடும். புடலை, பாகல், சுரைக்கு இந்த மெனக்கெடலே வேண்டாம். ஆழமாகப் புதைத்தால் தண்டு அழுகக்கூடும். பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு, வெயில் விழும் இடத்தில் உள்ள செடிப்பையிலேயே நேராகப் புது விதை ஊன்றுங்கள்.